கமரா திரும்பாத திசையில் ஓடும் பந்தயம்

2025 ஒக்டோபர் 5, ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூரில் இரவு எட்டு மணிக்குப் போர்முலா வன் பந்தயத்தின் பச்சை விளக்கு விழுந்தபோது இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கல்முனையில் மாலை ஐந்தரை. அரை மணி நேரம் ஓடியதும் மாலைத் தொழுகையான மஃரிப்புக்குப் பாங்கு. இந்தக் கரையில் பாங்கு ஒரே பள்ளியிலிருந்து வருவதில்லை. கல்முனைக்குடியில் ஒன்று முடியும் முன்பே பக்கத்துப் பள்ளியில் அடுத்தது தொடங்கும். சாய்ந்தமருது வரை அது அலைபோலப் போகும். பாங்கு சொல்லும்போது டீவியின் சத்தத்தை அடைத்துவிடுவது எங்கள் வீடுகளில் எழுதாத சட்டம். தொழுதுவிட்டு வந்த பிறகும் சில வேளை ரிமோட்டைத் தேட மனம் வராது. சத்தமில்லாமலே பார்த்துக்கொண்டிருப்போம்.

அன்றைய கடைசிச் சுற்றுகளை அப்படித்தான் பார்த்தேன். திரையின் நடுவில் ஒரு படம், இடது ஓரத்தில் ஓட்டுநர்களின் பெயரும் நேர இடைவெளியும் கொண்ட பட்டியல். படம் ஒன்றைக் காட்டிக்கொண்டிருக்க, பட்டியல் வேறொன்றைச் சொன்னது. பெர்னாண்டோ அலோன்சோவுக்கும் அவருக்கு முன்னால் ஓடிய லூயிஸ் ஹெமில்டனுக்கும் இருந்த பெரிய இடைவெளி சுற்றுக்குச் சுற்று கரைந்துகொண்டிருந்தது. ஹெமில்டனின் பிரேக் செயலிழந்திருந்தது. முடிவுக்கோட்டைக் கடக்கும்போது இருவருக்கும் இடையே அரை விநாடி கூட இல்லை. பின்னர் ஹெமில்டனுக்கு விழுந்த ஐந்து விநாடித் தண்டம் அந்த இடத்தை அலோன்சோவுக்குக் கொடுத்தது. அன்றைய பந்தயத்தின் மிக உயிர்ப்பான துரத்தல் அது. உலக ஒளிபரப்பில் அதில் பெரும்பகுதி வரவேயில்லை.

சில நாட்களில் வில்லியம்ஸ் அணி ஓட்டுநர் கார்லோஸ் சைன்ஸ் அதை வெளிப்படையாகச் சொன்னார்: ஓட்டுநர்களின் தோழிகளையும் பிரபலங்களையும் காட்டும் அவசரத்தில் தன் முந்தல்களையும் அலோன்சோவின் துரத்தலையும் ஒளிபரப்பு தவறவிட்டது என்பது அவர் குறை. ஓட்டுநர் ஒருவரே சொன்னதால் செய்தியானது. ரசிகர்களுக்கு அது பழைய குறை.

கிரிக்கெட் மைதானத்தில் ஒரு பந்துதான் உண்டு. கமரா அதன் பின்னால் போனால் போதும். கார்ப் பந்தயத்தில் ஐந்து கிலோமீட்டர் நீளத்தில் இருபதளவு பந்துகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. மைதானத்துக்கே போனாலும் ஒரு வளைவில் அமர்ந்து ஒரு வளைவைத்தான் பார்க்கலாம். ஆகவே முழுப் பந்தயம் என்று எவரும் கண்ட ஒன்று கிடையாது. யாரோ ஒருவர் தெரிந்தெடுத்துக் கோத்துக் கொடுப்பதே பந்தயம். அந்தத் தெரிவு எப்படி நடக்கிறது, ஓடுபாதைகளுக்கு வெகு தொலைவில் இருக்கும் ஒரு தமிழ் பேசும் கரையை அது எப்படி வந்து சேர்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

ஒரே படம், பல குரல்

போர்முலா வன் பந்தயத்தை எந்த நாட்டில், எந்த அலைவரிசையில் பார்த்தாலும் ஓடுவது பெரும்பாலும் ஒரே படம்தான். பந்தயத்தை நடத்தும் வணிக நிறுவனமே அதைத் தயாரிக்கிறது. ஓடுபாதைக் கமராக்கள், காருக்குள் பொருத்திய கமராக்கள், ஹெலிகொப்டர், அணிகளின் வானொலிப் பேச்சு எல்லாம் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள பிகின் ஹில் நிலையத்துக்குப் போகின்றன. கொரோனா ஆண்டான 2020 முதல் தயாரிப்பு வேலையின் பெரும்பகுதி அங்கிருந்தே நடக்கிறது. சிங்கப்பூரில் ஓடும் கார் முதலில் கென்டுக்குப் போய்த்தான் கல்முனைக்கு வருகிறது. உரிமை வாங்கிய அலைவரிசைகள் அந்தப் படத்தின்மீது தங்கள் வர்ணனையாளரின் குரலையும் விளம்பரத்தையும் ஏற்றிக்கொள்கின்றன.

முன்பு நிலைமை வேறு. எந்த நாட்டில் பந்தயம் நடக்கிறதோ அந்த நாட்டுத் தொலைக்காட்சியே படம் பிடித்தது. ஜப்பானில் பிடித்தால் ஜப்பானிய ஓட்டுநர் அடிக்கடி வருவார். பிரேசிலில் பிடித்தால் பிரேசில்காரர் வருவார். ஊர்ப்பற்று கமராவின் கழுத்தைத் திருப்பியது. கடைசி வரை இந்த உரிமையை விடாமல் வைத்திருந்தது மொனாக்கோ. 2023 முதல்தான் அதுவும் பொதுத் தயாரிப்புக்குள் வந்தது.

மொனாக்கோ விட்டுக்கொடுக்க நேர்ந்ததற்கான காரணத்தை 2021ஆம் ஆண்டுப் பந்தயத்தைப் பார்த்தவர்கள் எளிதில் ஊகிப்பார்கள். முந்துவதற்கு இடமே இல்லாத அந்த ஒடுங்கிய வீதிகளில், டயர் மாற்றும் பிட்டிலிருந்து வெளியே வந்த செபஸ்டியன் வெட்டலும் பியர் கஸ்லியும் மேட்டில் சக்கரத்தோடு சக்கரம் உரச ஏறினார்கள். அந்தக் கணத்தில் இயக்குநர் படத்தை வெட்டி, லான்ஸ் ஸ்ட்ரோல் ஒரு கல்விளிம்பில் ஏறி இறங்கியதன் மறுகாட்சியைப் போட்டார். அன்று நடந்த ஒரே மெய்யான மோதல் பார்வையாளர் கண்ணிலிருந்து பறிபோனது.

ஊர்ப்பற்று போனபின் கமராவுக்கு நடுநிலை வந்துவிட்டதா? புகழ்ப்பற்று வந்திருக்கிறது. 2017இல் லிபர்ட்டி மீடியா போர்முலா வன்னை வாங்கி முடித்தது. 2019 மார்ச்சில் அதைப் பற்றிய நெட்ஃபிளிக்ஸ் தொடர் தொடங்கியது. முன்பு காரைத் தெரிந்தவர் ஓட்டுநரை அறிந்தார். இப்போது ஓட்டுநரின் முகத்தைத் தெரிந்தவர் காருக்கு வருகிறார். புதியவர்கள் வருவது நல்லதே. ஆனால் அந்தத் தொடரில் மோதல்கள் ஊதிப் பெருப்பிக்கப்படுகின்றன என்று சொல்லி ஓட்டுநர் மெக்ஸ் வெர்ஸ்டப்பன் அதில் பங்கெடுக்கவே சில காலம் மறுத்தார். தொகுப்பறையில் வளர்ந்த அந்தப் பழக்கம் மெல்ல நேரலைக்குள்ளும் கசிந்திருக்கிறது. முந்தல் நடக்கும் கணத்தில் கண்ணீரையும் கைதட்டலையும் தேடிப் போவது அதன் விளைவு.

பின்வரிசையில் நம்மவர்

கமராவின் இந்தக் குணத்தைத் தமிழ் ரசிகர்கள் மிகக் கூர்மையாக உணர்ந்தது நரேன் கார்த்திகேயன் வழியாகத்தான். கோயம்புத்தூரிலிருந்து புறப்பட்டு, 2005இல் ஜோர்டன் அணியில் ஓடி, போர்முலா வன்னில் ஓடிய முதல் இந்தியர் ஆனவர். அவ்வாண்டு ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். ஆனால் அன்று ஓடியவை ஆறே கார்கள். மிஷலின் டயர் பூட்டிய பதினான்கு கார்கள் பாதுகாப்பு காரணமாக அறிமுகச் சுற்றோடு பிட்டுக்குள் திரும்பிவிட்டன. உலகத் தொலைக்காட்சிகள் அதை ஒரு கேலிக்கூத்தாகக் காட்டிக்கொண்டிருந்தன. நாங்களோ அதே படத்தில் நம்மவர் ஒருவரின் முதல் புள்ளியைத் தேடிக்கொண்டிருந்தோம்.

2011, 2012இல் அவர் எச்ஆர்டி அணியில் ஓடியபோது பாடம் இன்னும் கசந்தது. பின்வரிசைக் கார் திரையில் வரும் தருணம் ஒன்றே ஒன்று: முன்னணிக் கார் அதைச் சுற்று மேவும்போது. நீலக்கொடி அசையும், கார் ஒதுங்கும், படம் மாறும். 2012 மார்ச் 25 அன்று மலேசியாவின் செபாங்கில் அப்படி மேவ வந்த வெட்டலின் டயர், நரேனின் காரில் உரசிக் கிழிந்தது. நடுவர்கள் நரேனுக்கு இருபது விநாடி தண்டம் விதித்தார்கள். வெட்டல் பேட்டியில் அவரைக் கடுமையாக ஏசினார். குற்றம் யார் மீது என்பதில் இரு பக்கமும் வாதிடலாம். ஆனால் மற்ற சுற்றுகளில் அந்த மனிதர் எப்படி ஓடினார், வேகம் குறைந்த காரை ஈர ஓடுபாதையில் எப்படிக் கட்டி வைத்திருந்தார் என்று வாதிடுவதற்கு எங்களிடம் படமே இல்லை. ஒளிபரப்பில் அவர் ஓட்டுநராக வரவில்லை, இடைஞ்சலாக வந்தார்.

பாங்கும் பச்சை விளக்கும்

ஒளிபரப்பு, பந்தயத்தைக் காட்டுவதோடு நின்றுவிடுவதில்லை. பந்தயம் எப்போது நடக்க வேண்டும் என்பதையும் தீர்மானிக்கிறது. இந்தக் கரையில் அதை அளக்க எங்களிடம் நல்ல அளவுகோல் ஒன்று உண்டு: சூரியன்.

2017 வரை ஐரோப்பியக் கண்டத்துப் பந்தயங்கள் பெரும்பாலும் அங்கே பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கின. கோடைகாலத்தில் இலங்கை நேரப்படி அது மாலை ஐந்தரை. ஷூமாக்கரின் பொற்காலத்திலோ எங்கள் சுவர்க் கடிகாரம் ஆறு மணி காட்டும். காரணம், 1996இல் மின்சாரத்தைச் சேமிக்க முன்னகர்த்திய நேரம் 2006 ஏப்ரலில்தான் பழைய இடத்துக்குத் திரும்பியது. அரசாங்கம் கடிகாரத்தை நகர்த்தலாம், சூரியனை நகர்த்த முடியாது. ஆறு மணிக் காலத்திலும் ஐந்தரைக் காலத்திலும் ஜூன், ஜூலை மாதங்களில் பந்தயம் தொடங்கி ஏறக்குறைய ஐம்பதாவது நிமிடத்தில் மஃரிப் பாங்கு விழும். பந்தயத்தின் நடுப்பகுதி, அதாவது டயர் மாற்றும் வியூகங்கள் பிறந்து முற்றும் பகுதி, எங்கள் தலைமுறைக்குப் பெரும்பாலும் காணாப் பகுதி. தொழுதுவிட்டு வந்து பார்த்தால் வரிசை மாறியிருக்கும். ஏன் மாறியது என்பதைப் பட்டியலிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும்.

2018இல் புதிய உரிமையாளர்கள் ஐரோப்பியப் பந்தயங்களை ஒரு மணி நேரம் பின்தள்ளினார்கள். பிற்பகல் தாமதமானால் அங்கே டீவி முன் அமர்வோர் கூடுதல் என்பது கணக்கு. அதோடு மணி அடித்தவுடன் தொடங்காமல் பத்து நிமிடம் கழித்துத் தொடங்கும் ஏற்பாடும் வந்தது. சரியாக மணிக்கு நிகழ்ச்சியில் நுழையும் அலைவரிசைகள் தொடக்கத்தைத் தவறவிடாதிருக்க. யாரோ ஒரு திட்டக்காரர் ஐரோப்பிய அட்டவணையை மனதில் வைத்துப் போட்ட அந்தப் பத்து நிமிடம், மஃரிப் முடிந்து வீட்டுக்கு நடந்து வர எங்களுக்கு அளந்து வைத்ததுபோல் அமைந்தது. 2021இல் அதை நீக்கி, மறுபடி மணிக்கே தொடங்கினார்கள். இப்போது ஆறரைக்குப் பச்சை விளக்கு. நடுப்பகுதி கிடைத்துவிட்டது, பதிலாகக் கடைசிப் பகுதி இரவுத் தொழுகையான இஷாவுக்குப் போகிறது.

இது எங்கள் ஊர்க் கணக்கு மட்டுமென்றால் சிரித்துவிட்டுப் போகலாம். அதே கணக்கு உயிரோடும் விளையாடியிருக்கிறது. 2008 செப்டெம்பர் 28இல் சிங்கப்பூரில் முதல் இரவுப் பந்தயம் நடந்தது. ஆசிய இரவு ஐரோப்பிய மதியம் என்பது அதன் முக்கியக் காரணம். அடுத்த ஆண்டு ஏப்ரல் 5இல் மலேசியப் பந்தயத்தை ஐரோப்பியக் கண்களுக்காக மாலை ஐந்து மணிக்கு வைத்தார்கள். செபாங்கில் மாலையில் மழை கொட்டும் என்பது அங்கே தேநீர்க்கடைக்காரருக்கும் தெரிந்த செய்தி. கொட்டியது, இருட்டியது. 56 சுற்றுப் பந்தயம் 31 சுற்றோடு கணக்கு முடிக்கப்பட்டு, பாதிப் புள்ளி வழங்கப்பட்டது.

2014 ஒக்டோபர் 5, ஜப்பானின் சுசூக்கா. சூறாவளி மழையிலும் மங்கும் வெளிச்சத்திலும் பந்தயத்தின் இறுதிக் கட்டத்தில் ஜூல்ஸ் பியாங்கியின் கார், மற்றொரு காரை அகற்றிக்கொண்டிருந்த பாரந்தூக்கி வாகனத்தில் மோதியது. ஒன்பது மாதம் நினைவின்றிக் கிடந்து, 2015 ஜூலையில் அவர் இறந்தார். விசாரணைக் குழு சொன்ன பரிந்துரைகளில் ஒன்று: இரவுப் பந்தயம் தவிர, எந்தப் பந்தயமும் சூரியன் மறைவதற்கு நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் முன்பே தொடங்க வேண்டும். அடுத்த ஆண்டே பல பந்தயங்களின் தொடக்க நேரம் முன்னால் வந்தது.

நேரத்தை மதத்துக்காக மாற்றவும் முடியும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2024இல் றமழான் மார்ச் இரண்டாம் வாரத்தில் தொடங்கவிருந்ததால் பஹ்ரைன், சவூதிப் பந்தயங்களைச் சனிக்கிழமைகளில் நடத்தினார்கள். 2025இல் இரண்டையும் நோன்பு முடிந்தபின் ஏப்ரலுக்குத் தள்ளினார்கள். பஹ்ரைன் மேடையில் வென்றவர்கள் மதுவுக்குப் பதில் பன்னீர் கலந்த பானத்தைத் தெளிக்கிறார்கள். பணம் கொடுத்துப் பந்தயத்தை அழைப்பவரின் பொழுதுக்குப் பந்தயம் வளைகிறது. பார்ப்பவரின் பொழுது அந்தக் கணக்கில் எப்போதும் கடைசி வரி.

இடையில் ஒரு விளம்பரம்

கிரிக்கெட்டில் ஓவருக்கு ஓவர் இடைவெளி, காற்பந்தில் பாதிநேரம். கார்ப் பந்தயம் ஒன்றரை மணி நேரம் நிற்காமல் ஓடும். எங்கே விளம்பரம் போட்டாலும் ஏதோ ஒன்றின்மீது மண் விழும். 2005 ஏப்ரல் 24, இத்தாலியின் இமோலா: ஷூமாக்கர் அலோன்சோவின் பின்சக்கரத்தை முகர்ந்தபடி சுற்றுக்குச் சுற்று துரத்திக்கொண்டிருந்தார். முடிய மூன்று சுற்று இருக்கையில் பிரித்தானியாவின் ஐடிவி விளம்பரத்துக்குப் போனது. ரசிகர்கள் கொதித்தார்கள், நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அந்தச் சுற்றுகளை மறுபடி போட்டது. எங்கள் பக்கம் இப்படி இழந்த சுற்றுகள் எத்தனையோ. மன்னிப்பும் கிடையாது, மறுகாட்சியும் கிடையாது. பந்தயம் முடியுமுன் அடுத்த நிகழ்ச்சிக்குத் தாவிய அலைவரிசையையும், மேடையேற்றத்தின் நடுவில் வேறு சனலை மாற்றிவிட்ட கேபிள்காரரையும் இங்கே எல்லா ரசிகரும் அறிவர்.

பின்னர் விளம்பரமில்லாத காலம் வந்தது. ஆனால் கட்டணத்தோடு வந்தது. இந்தியாவில் பல்லாண்டு போர்முலா வன் காட்டிய ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 2022 பருவத்தோடு நிறுத்தியது. 2023இல் போர்முலா வன்னின் சொந்தச் செயலி அங்கே வந்தது. 2024 முதல் ஃபேன்கோட் செயலி. கூடத்தில் வாப்பா, காக்கா, மச்சான் என்று பத்துப்பேர் சேர்ந்து பார்த்த ஒன்று, ஒருவர் உள்ளங்கையில் ஒடுங்கத் தொடங்கியது இப்படித்தான்.

2022 எங்களுக்கு வேறொரு விதத்திலும் மறக்க முடியாத ஆண்டு. மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளில் பதின்மூன்று மணி நேரம் வரை போனது. டீவி செத்துக் கிடக்க, கைபேசியின் மின்கலத்தைக் காப்பாற்றக் காணொளியை விட்டு நேரப் பட்டியலை மட்டும் எழுத்தில் திறந்துவைத்துப் பந்தயம் "பார்த்த" இரவுகள் உண்டு. சில மாதங்களில் கியூஆர் அட்டை வந்தது: வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு நான்கு லீற்றர், முச்சக்கர வண்டிக்கு ஐந்து. அன்றைய விதிப்படி ஒரு போர்முலா வன் கார் ஒரே பந்தயத்தில் 110 கிலோ வரை எரிபொருள் எரிக்கலாம். பெற்றோல் வரிசையில் நின்றபடி இந்த எண்ணைச் சொன்னால் முன்னால் நிற்பவர் நம்மை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வையின் நியாயத்தை ரசிகன் ஏற்கத்தான் வேண்டும்.

காட்டக் கூடாதது

எதைக் காட்டத் தவறினார்கள் என்பது ஒரு கேள்வி. எதைக் காட்டியிருக்கக் கூடாது என்பது அதைவிடக் கனமானது. 1994 மே 1 அன்று இமோலாவில் அயர்டன் சென்னா மோதியபோது இத்தாலிய ஒளிபரப்பு, ஹெலிகொப்டரிலிருந்து மருத்துவர்கள் அவரைச் சூழ்ந்து போராடுவதைக் காட்டிக்கொண்டேயிருந்தது. பிபிசி அந்தப் படத்தை விட்டு விலகி, பிட் ஒழுங்கையில் நின்ற தன் சொந்தக் கமராவுக்கு மாறியது. ஒரே கணம், இரண்டு ஒழுக்கம்.

அந்தப் பாடம் பிற்காலத்தில் ஓரளவு படிந்தது. பியாங்கியின் விபத்தை உலக ஒளிபரப்பு காட்டவில்லை. 2020 நவம்பர் 29இல் பஹ்ரைனில் ரொமெய்ன் குரோஜான் தீப்பிழம்புக்குள் 28 விநாடி இருந்து வெளியேறியபோது, அவர் உயிரோடிருப்பது தெரிந்த பிறகே மறுகாட்சி வந்தது. ஆனால் வந்தபின் திரும்பத் திரும்ப வந்தது. மறுபடி காருக்குள் ஏறக் காத்திருந்த ஓட்டுநர்களின் கண்முன்னே அது ஓடியது. டேனியல் ரிக்கார்டோ அன்றே அதை வெறுப்போடு கண்டித்தார்.

இலங்கையில் இந்தக் கேள்வி 2024 ஏப்ரல் 21 அன்று எங்கள் கைக்கே வந்தது. தியத்தலாவையில் பொக்ஸ் ஹில் போட்டியில் ஓடுபாதையை விட்டு விலகிய கார் பார்வையாளர் கூட்டத்துக்குள் பாய்ந்து, ஒரு சிறுமி உட்பட ஏழு பேர் இறந்தார்கள். அன்று மாலைக்குள் அந்தக் காட்சி நாட்டின் ஒவ்வொரு கைபேசியிலும் இருந்தது, நோன்புப் பெருநாள் வாழ்த்துப் படங்கள் இன்னும் அழியாத எங்கள் குடும்பக் குழுக்களிலும். இயக்குநர் இல்லை, தாமதம் இல்லை, "உயிரோடிருக்கிறாரா" என்று கேட்டுவிட்டுப் போடும் கை இல்லை. ஒளிபரப்பாளரைக் கடிந்துகொள்ளும் ரசிகன், அந்தப் பொத்தான் தன் விரலுக்கு வந்தபோது என்ன செய்தான் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

படம் இருந்தது, பொருள் இல்லை

எல்லாவற்றையும் காட்டிவிட்டாலும் பந்தயம் விளங்கிவிடாது. இதற்கு 2008 சிங்கப்பூரை விடச் சிறந்த சான்று இல்லை. நெல்சன் பிக்கே இளையவர் தொடக்கச் சுற்றுகளில் சுவரில் மோதினார். அந்த மோதல் பல கோணங்களில் வந்தது. பாதுகாப்புக் கார் இறங்கியது. பதினைந்தாவதாகப் புறப்பட்ட அவர் அணித்தோழர் அலோன்சோ வென்றார். எல்லாம் திரையில் நடந்தது. அணியே சொல்லித்தான் அவர் மோதினார் என்பது அடுத்த ஆண்டுதான் வெளிவந்தது. கோடிக் கண்கள் பார்த்தும் காணாத சூது.

மறுபுறம், பொருளைக் கூடுதலாகத் தரும் ஆசையும் ஆட்டத்தைக் கெடுக்கும். 2021இல் அணித் தலைவர்கள் பந்தய இயக்குநர் மைக்கல் மாசியோடு வானொலியில் பேசுவதை நேரலையில் கேட்கவைத்தார்கள். சுவையாகத்தான் இருந்தது. டிசம்பர் 12 அன்று அபுதாபியில் பட்டமே தொங்கிய கடைசிச் சுற்றுகளில் இரு பக்கத் தலைவர்களும் அவரை நெருக்கியதை உலகமே கேட்டது. அடுத்த ஆண்டு மாசி பதவியிலிருந்து நீக்கப்பட்டார். இயக்குநர்மீது அழுத்தம் வராதிருக்க அந்த நேரடிப் பேச்சும் நிறுத்தப்பட்டது.

ஆக, நல்ல ஒளிபரப்பின் வேலை படத்துக்கும் ஒட்டுக்கேட்டலுக்கும் நடுவில் இருக்கிறது. அதன் பெயர் விளக்கம். ஓர் எளிய எடுத்துக்காட்டு: பிட்டுக்குள் போய்வர ஏறக்குறைய இருபது விநாடி செலவு. இரண்டாவதாக ஓடுபவர் முன்னவரைவிட ஒன்றரை விநாடி பின்னால் இருக்கிறார், முந்த முடியவில்லை. அவர் ஒரு சுற்று முன்னதாகவே டயர் மாற்றுகிறார். புதிய டயரில் அந்தச் சுற்றை இரண்டு விநாடி வேகமாக ஓடுகிறார். மறுசுற்றில் முன்னவர் மாற்றி வெளியே வரும்போது அவருக்கு முன்னால் இவர். ஓடுபாதையில் ஒருவரை ஒருவர் தொடவே இல்லை, இடம் மாறிவிட்டது. படத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது மாயம். பட்டியலைப் பார்ப்பவருக்கு மூன்று சுற்றுக்கு முன்பே தெரியும். பாங்கு நேரத்தில் சத்தத்தை அடைத்த வீடுகள் இந்த வாசிப்பை வேறு வழியின்றிக் கற்றன. எண்ணுக்கு மொழி இல்லை.

தமிழில் யார் சொல்வது?

ஆனால் எண்ணை மட்டும் நம்பி ஒரு சமூகம் ஒரு விளையாட்டைச் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது. சென்னையின் கருண் சந்தோக் இன்று பிரித்தானிய ஸ்கை அலைவரிசையில் பந்தயத்தை அலசும் முன்னணிக் குரல்களில் ஒருவர். 2010இலும் 2011இலும் போர்முலா வன்னில் ஓடியவர். அவர் பாட்டனார் இந்து சந்தோக் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் நிறுவனர்களில் ஒருவர். ஒரு வளைவில் ஓட்டுநர் எந்தக் கணத்தில் பிரேக்கை விட்டார் என்று அவர் காட்டும்போது கண் திறக்கிறது. அவர் திறப்பது ஆங்கிலத்தில்.

ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் 2017இல் வந்து கிரிக்கெட்டைத் தமிழில் அன்றாடமாக்கியது. கார்ப் பந்தயத்துக்கு அப்படி ஒரு காலம் வரவில்லை. 2024 ஓகஸ்ட் 31, செப்டெம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் வீதியில் போர்முலா ஃபோர் இரவுப் பந்தயம் ஓடியபோது, தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்கு நடுவே கார் பறப்பதைக் கண்டது புது இன்பம். அடுத்த ஜனவரியில் துபாய் 24 மணிநேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி 991 பிரிவில் மூன்றாமிடம் பெற்றது. தமிழ் உலகமே கொண்டாடியது. பல செய்திகள் அதை அவர் ஓட்டி வென்ற மூன்றாமிடமாகச் சொல்லிவிட்டன. பயிற்சியில் மோதியபின் அவர் அந்தக் காரை ஓட்டுவதிலிருந்து விலகி, உரிமையாளராக நின்று, வேறொரு பிரிவுக் காரில் ஓடினார். ஒரே பாதையில் பல பிரிவுகள் சேர்ந்தோடும் பந்தயம் அது என்பதைத் தமிழில் விளக்க ஆள் இல்லாததால், விலகி நின்ற பெருந்தன்மையும் சேர்த்தே காணாமற் போனது.

இலங்கைக்குப் பந்தயம் புதிதல்ல. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றக் காரோட்டம் 1934 முதல் வரலாறு உள்ளது. நேர்முக வர்ணனையும் நமக்குப் புதிதல்ல; இலங்கை வானொலியின் தமிழ் கடல் கடந்து கேட்கப்பட்ட தமிழ், பி.எச். அப்துல் ஹமீத் போன்றவர்களின் குரலில் அது இன்றும் நினைவில் நிற்கிறது. பந்தயமும் உண்டு, குரலும் உண்டு. இரண்டும் சந்திக்கவில்லை.

சந்திக்காத இடத்தை நிரப்புவது வீடுகள்தான். சிங்கப்பூர்ப் பந்தயத்தின் அந்தக் கடைசிச் சுற்றுகளில், சத்தமில்லாத டீவியின் முன் என் பக்கத்தில் இருந்த ராத்தாவின் மகன் கேட்டான்: "மாமா, இதில ஒண்டும் நடக்கல்லயே, என்னத்தப் பாக்குறீங்க?"

"நடுவில பாக்காத மகன். ஓரத்தில அந்த நம்பரைப் பாரு. அது குறையுது."

அவன் பார்த்தான். ஒரு சுற்று; அடுத்த சுற்று. "பின்னால வாறவர் பிடிச்சிருவாரா?"

ஹெமில்டனின் பிரேக்கைப் பற்றி, தேய்ந்த டயரைப் பற்றி, சிங்கப்பூரின் வெக்கையைப் பற்றி நான் சொல்லத் தொடங்கினேன். கமரா வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. அவன் ஓரத்து எண்ணைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இஷாவுக்குப் பாங்கு சொல்லும்வரை கல்முனையில் ஒரு வீட்டில் அந்தப் பந்தயம் தமிழில் ஒளிபரப்பானது.